ரபியாவின் இரண்டு முட்டிகள்

ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்கிற இடத்தில் மிளகும் காப்பித்தூளும் நீலகிரித் தைலமும் விற்கிற கடையும், அதன் மாடியில் இருந்த வீடும் ரபியாவுடையவை. புருஷன் இறந்த பிறகு கல்லாவில் அவர்தான் உட்கார்ந்தார். மகன் சாதிக் பாஷா சரக்கு எடுத்து வருவான், மருமகள் நிலோஃபர் பொட்டலம் கட்டுவாள். ரபியாவுக்கு முட்டி இரண்டும் தேய்ந்துபோயிருந்தன. மாடிப்படி ஏறும்போது படிக்குப் படி நின்று மூச்சு வாங்குவார், அந்த இடைவெளியில் மருமகளைத் திட்டுவார். கடைசியில் சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வலது முட்டியை மாற்றினார்கள்.

அங்கே ஈவ்லின் என்ற பிசியோதெரபிஸ்ட் ஓர் ஆய்வு நடத்திக்கொண்டிருந்தார். மலையில் இருப்பவர்களுக்கு ஆபரேஷன் நன்றாகவே முடிந்துவிடும். ஆனால் பயிற்சிக்காகக் கொண்டை ஊசி வளைவுகளில் தினமும் பஸ்ஸில் இறங்கி ஏற முடியாமல் பாதியில் விட்டுவிடுவார்கள், கால் விறைத்துப்போகும். வீட்டிலேயே ஒருவருக்குப் பயிற்சியைக் கற்றுக்கொடுத்து, போனில் வீடியோ வழியாக மேற்பார்வை பார்த்தால் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் அளவுக்குக் குணமாகுமா என்பதுதான் ஈவ்லினின் கேள்வி. குலுக்கலில் பாதிப் பேருக்கு ஆஸ்பத்திரி, பாதிப் பேருக்கு வீட்டு ஆள். ரபியாவுக்கு வீட்டு ஆள் விழுந்தது. வீட்டு ஆள் என்றால் நிலோஃபர்தான்.

ஈவ்லின் அவளுக்குப் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார். ஒரு கை தொடையில், ஒரு கை கணுக்காலுக்கு மேலே. குதிகாலைப் பின்னால் தள்ளிக்கொண்டே போக வேண்டும். வலிக்கிற இடத்தைக் கொஞ்சம் தாண்டி நிறுத்தி, பிறகு விட வேண்டும். வலி தாங்காமல் ரபியா கையைத் தூக்கினால் உடனே விட்டுவிட வேண்டும். உள்ளே தழும்பு இறுகுவதற்குள் காலை மடக்கிப் பழக்கிவிட வேண்டும், இறுகிய பிறகு யார் நினைத்தாலும் மடங்காது என்றார்.

நிலோஃபரின் தகப்பனார், அவளுடைய அத்தா, அதற்கு முந்தின மே மாதம், ஏற்காட்டில் கோடை விழா நடந்த வாரத்தில் இறந்திருந்தார். ஆத்தூரில் மூச்சுத் திணறலோடு படுத்திருந்தவர். அப்போது நிலோஃபரின் போன் பழுதாகிக் கிடந்ததால் ஆத்தூரிலிருந்து ரபியாவின் போனுக்குத்தான் கூப்பிட்டார்கள். ரபியா அதை மருமகளிடம் சொல்லவில்லை. அடக்கம் முடிந்த பிறகு அண்ணன் ஆசிக் மலையேறி வந்து கடைவாசலில் நின்றான். பெத்த அத்தாவோட மய்யத்துக்குக்கூட வராத பொண்ணு எனக்குத் தங்கச்சியே இல்லை என்று அத்தனை பேர் முன்னால் சொன்னபோதுதான் அவளுக்கு விஷயமே தெரிந்தது. கையில் இருந்த மிளகுப் பொட்டலத்தைக் கட்டி, வாங்க வந்தவரிடம் நீட்டிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கூட்டத்தில் மறந்துபோச்சு என்றார் ரபியா. சாதிக் அதை நம்பினான், அல்லது நம்புவது அவனுக்கு வசதியாக இருந்தது. ஆசிக் அதன் பிறகு தங்கையோடு பேசவே இல்லை.

பயிற்சி தொடங்கிய நாட்களில் நிலோஃபர் சொன்னபடியேதான் செய்தாள். ரபியா கையைத் தூக்கினால் விட்டாள். ஒரு நாள் கட்டிலில் சாய்ந்தபடி ரபியா, ஒரு காலைப் புடிக்கக்கூடத் துப்பில்லாமல் உங்க அப்பன் வளர்த்திருக்கான் பாரு என்றார். அன்றைக்கு அவர் கையைத் தூக்கியபோது நிலோஃபர் விடவில்லை. ரபியாவின் கண்கள் அகலமாயின. கை இன்னும் உயர்ந்தது. நிலோஃபர் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே காலை இன்னும் கொஞ்சம் தள்ளினாள்.

சாயங்காலம் வீடியோவில் கோணத்தை அளந்து பார்த்த ஈவ்லின், ஒரே நாளில் இவ்வளவு முன்னேற்றமா என்று ஆச்சரியப்பட்டார். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில்கூட யாருக்கும் இப்படி வரவில்லையாம். அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த பிறகு நிலோஃபர் கேட்ட முதல் பாராட்டு அது. செய்யக் கூடாததைச் செய்ததற்காகக் கிடைத்தது.

அதிலிருந்து அவள் சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு கட்டிலருகே வரும்போதே ரபியாவுக்கு வியர்க்க ஆரம்பித்தது. அலறல் கீழே கடைவரை கேட்கும். சாதிக் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைப்பான். இவ என்னைக் கொல்றாளுங்க என்று ரபியா ஈவ்லினிடம் அழுது பார்த்தார். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள், நடக்க ஆரம்பித்ததும் மருமகளைக் கையெடுத்துக் கும்பிடுவீர்கள் என்று ஈவ்லின் சிரித்தார்.

ஒரு மத்தியானம், ஜன்னலுக்கு வெளியே மூடுபனியில் எதிர்க்கடையே தெரியாத நேரத்தில், நிலோஃபர் காலை வலியின் உச்சிக்குக் கொண்டுபோய் அங்கேயே நிறுத்தினாள். குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"எங்க அத்தா சீக்கா இருந்தப்ப போன் வந்துச்சே மாமி. நெசமாலுமே மறந்துட்டீங்களா?"

ரபியா தலையணையைக் கடித்தார்.

"சொல்லுங்க. சொன்னா விடறேன்."

"மறக்கல," என்றார் ரபியா. "கூட்டம் நொம்ப இருந்துச்சு. நீ போனா நாலு நாள் ஆவும். கடையை யாரு பாக்கறது?"

நிலோஃபர் விடவில்லை. இன்னும் ஏதோ இருக்கிறது என்று அவளுக்கு அந்த முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. காலைச் சற்றுத் தள்ளினாள்.

"ஆசிக் பேசல," என்று ரபியா அலறினார். "உங்க அத்தாதான் பேசினாரு. மூச்சு வாங்கிக்கிட்டே பேசினாரு. ஒரு தடவை புள்ளையப் பாத்துட்டாப் போதும்னாரு. இப்பவே அனுப்பறேன்னு சொன்னேன். காத்துக்கிட்டு இருக்கேன்னு சொல்லிட்டு வெச்சாரு."

நிலோஃபர் பிடியை மாற்றிக்கொண்டாள். பிறகு இரண்டு கைகளாலும் காலைக் கடைசிவரை மடக்கினாள். உள்ளே ஏதோ கிழிவதுபோல ஒரு சத்தம் கேட்டது. ரபியா மயங்கிப்போனார். முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பியவளும் நிலோஃபர்தான்.

கிழிந்தது தழும்பு. அது விட்டுக்கொடுத்த பிறகு முட்டி தடையில்லாமல் மடங்கியது. மழைக்காலம் வருவதற்குள் ரபியா மாடிப்படியில் கைப்பிடியைத் தொடாமல் இறங்கினார். ஆய்வில் இருந்த எல்லாருக்குள்ளும் சிறப்பாகக் குணமானவர் அவர்தான். மற்ற குடும்பங்களுக்குக் காட்டுவதற்காக ஈவ்லின் நிலோஃபர் பயிற்சி தருவதை வீடியோ எடுத்தார். அதில் ரபியாவின் குரலை நீக்கிவிட்டு, இதமான பின்னணி இசை சேர்த்தார்கள்.

ரபியா மகனிடம் எதையும் சொல்லவில்லை. மருமகள் செய்ததைச் சொன்னால், எதற்காகச் செய்தாள் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும். நிலோஃபரும் சொல்லவில்லை. இருவரும் ஒரே கடையில் ஒருவரையொருவர் தொடாமல் நடமாடினார்கள்.

அடுத்த வருஷம் இடது முட்டியை மாற்றினார்கள். வீட்டு ஆளாக நிலோஃபரையே போடலாம் என்று ஈவ்லின் ஆசையாகச் சொன்னார். மகள் இருக்கையில் மருமகளுக்கு எதற்குச் சிரமம் என்று ரபியா அவசரமாக மறுத்தார். சேலத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த அஃப்சானா வந்து தங்கினாள். அம்மா என்றால் உயிர் அவளுக்கு. காலைத் தொடுவதற்கு முன் துஆ ஓதி ஊதுவாள். ரபியா புருவத்தைச் சுருக்கினாலே கையை எடுத்துவிடுவாள். அம்மாவுக்குப் பிடித்ததைச் சமைத்து ஊட்டுவாள், பக்கத்தில் படுத்துக் காலை நீவி விடுவாள். ரபியாவும் அதில் சொக்கிக் கிடந்தார். இப்படியே போனால் ஆகாது என்று ஈவ்லின் வீடியோவில் கடிந்துகொண்டபோதெல்லாம் அஃப்சானா தலையை ஆட்டுவாள், ஆனால் அம்மா முனகினால் அவளுக்குக் கை வராது. பிள்ளைகளுக்குப் பரீட்சை வந்ததும் அழுதுகொண்டே சேலம் பஸ் ஏறினாள். கால் செங்கோணத்தைக்கூட எட்டியிருக்கவில்லை.

இன்னும் சில வாரங்கள்தான் அவகாசம் என்றார் ஈவ்லின். அதற்குள் மடங்காவிட்டால் மறுபடி மயக்க மருந்து கொடுத்துத்தான் மடக்க வேண்டும், இந்த ஆபரேஷனின்போதே இதயம் தடுமாறியதால் அதற்கு டாக்டர்கள் சம்மதிக்க மாட்டார்கள். நிலோஃபர் மனசு வைத்தால் முடியும் என்றார்.

ரபியா ஒரு நாள் முழுக்க யோசித்தார். பிறகு மருமகளைக் கூப்பிட்டு, அதுவரை அவளிடம் பேசியிராத குரலில் கேட்டார்.

"நீயே பாரு கண்ணு. எவ்வளவு வலிச்சாலும் பரவால்ல."

நிலோஃபர் சரிங்க மாமி என்றாள். கட்டிலில் உட்கார்ந்து காலை மடியில் எடுத்து வைத்தாள். மெல்லப் பின்னால் தள்ளினாள். ரபியா பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். வலி தொடங்கிய இடத்தில் கைகள் நின்றன.

"வலிக்குது பாருங்க மாமி. போதும்."

தள்ளு என்றார் ரபியா. நாளைக்குப் பாத்துக்கலாம் என்று நிலோஃபர் போர்வையை இழுத்துவிட்டாள்.

மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும் அதே. அவள் ஒரு நாளும் தவறவில்லை, நேரம் தப்பவில்லை, முகம் சுளிக்கவில்லை. ரபியா கெஞ்சினார், திட்டினார், நெஞ்சில் அடித்துக்கொண்டார். அஃப்சானாவைவிட இதமாக நிலோஃபர் காலை நீவி விட்டாள். இவ அழுத்தறதே இல்லீங்க என்று ரபியா ஈவ்லினிடம் முறையிட்டார். போன தடவை அழுத்திக் கொல்கிறாள் என்றீர்கள், இந்தத் தடவை அழுத்தவே இல்லை என்கிறீர்கள் என்று ஈவ்லின் அலுத்துக்கொண்டார். இதுக்கு மேல வரமாட்டேங்குதுங்க மேடம் என்று நிலோஃபர் வருத்தமாகச் சொன்னாள். ரபியா ஒரு முறை தானே காலைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அவருடைய கைகளுக்கு அந்த பலமோ, தன்னையே நோகடிக்கிற துணிவோ இல்லை.

அவகாசம் முடிந்த பிறகு ஈவ்லின் மலைக்கு வந்து காலைத் தொட்டுப் பார்த்தார். முட்டி மரக்கட்டைபோல இருந்தது. அன்று அஃப்சானாவும் சேலத்திலிருந்து வந்திருந்தாள். ஈவ்லின் கோபத்தை அடக்க முடியாமல் அவளைப் பார்த்துத்தான் பேசினார்.

"உங்க அம்மா கால் போனதுக்குக் காரணம் நீங்கதான். ஆரம்பத்துல கெடுத்து வெச்சுட்டீங்க. பின்னாடி இவங்க எவ்வளவோ பாத்தாங்க, முடியல. பாசம் வேற, வைத்தியம் வேற."

அஃப்சானா அம்மாவின் காலில் முகத்தை வைத்து விம்மினாள். என்னால்தானே, என்னால்தானே என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். உன்னால் இல்லை என்று ரபியா சொல்லியிருக்கலாம். யாரால் என்றும் எதனால் என்றும் மகள் கேட்பாள், பக்கத்தில் சாதிக் நின்றுகொண்டிருந்தான். ரபியா மகளின் தலையில் கையை வைத்தார். 

நிலோஃபர் எல்லாருக்கும் டீ கொண்டுவந்து கொடுத்தாள். அஃப்சானா அழுததைப் பார்க்க மட்டும் அவளுக்குச் சங்கடமாக இருந்தது. பஸ் நிறுத்தம்வரை கூடப் போனாள். நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டு, மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க அண்ணி, நடந்தது நடந்துபோச்சு என்றாள். உண்மையைச் சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் சேலம் பஸ் வந்துவிட்டது. அஃப்சானா ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வண்டி வளைவில் இறங்கி மறைந்ததும், கடையில் கூட்டம் சேர்ந்திருக்குமே என்று நிலோஃபர் வேகமாகத் திரும்பி நடந்தாள்.