டெல்மர் வீசாத சீட்டு

லோரீன் கடைசியாகப் பேசிய பேச்சின் விலை மூன்று டாலர். நான் அடகுக்கடைக் குடும்பத்தில் பிறந்தவன். கல்யாண மோதிரம், செத்தவனின் கைக்கடிகாரம், போரில் வாங்கிய பதக்கம் எல்லாவற்றுக்கும் அப்பா முகம் கோணாமல் விலை சொல்வதைப் பார்த்தே வளர்ந்தேன். இவ்வளவு மலிவாக எதுவும் கைமாறி நான் பார்த்ததில்லை.

லோரீன், டெல்மரின் மனைவி. பக்கவாதத்தில் பேச்சு போய்விட்டது. பகலில் அவள் தங்கை ஓப்பல் பார்த்துக்கொள்வாள், இரவுக்கு ஒரு நர்ஸ். அந்த நர்ஸின் சம்பளத்துக்குத்தான் டெல்மர் எங்கள் போக்கர் அறைக்கு வந்தார். லாஸ் வேகாஸில் ஊர்க்காரர்கள் ஆடும் அறை அது. மேசை காலியாகக் கிடக்கக் கூடாது என்பதற்காக, மாதத்தில் நூறு மணி நேரம் உட்கார்ந்து ஆடுகிறவருக்கு எண்ணூறு டாலர் தருவார்கள். ஒரு மணி குறைந்தாலும் ஒன்றும் கிடையாது. ஜெயிக்க வேண்டியதில்லை, உட்கார்ந்தால் போதும். ஆனால் உட்கார்ந்த இடத்தில் தோற்றுவிட்டால் எண்ணூறும் அங்கேயே போய்விடும்.

அதனால், ஆளுக்கு இரண்டு சீட்டு வரும் அந்த ஆட்டத்தில் டெல்மர் இரண்டே கைதான் ஆடுவார்: ஏஸ் ஜோடி, ராஜா ஜோடி. மற்ற நாங்களெல்லாம் சலிப்பு வந்தால் ஒரே ஜாதியில் இரண்டு சீட்டு வந்தாலே பணம் போட்டு இறங்கிவிடுவோம். அவர் ராணி ஜோடியையும் பணம் போடாமல் வீசுவார். ஏஸும் ராஜாவும் சேர்ந்து வந்தாலும் வீசுவார்.

"பாக்க அழகா இருக்கும். கால வச்சா வழுக்கும்" என்பார். ஆயுசெல்லாம் கூரை வேலை செய்த மனிதர்.

கம்பளம் விற்கும் ஸ்டாவ்ரோஸுக்கு அவரைச் சீண்டாவிட்டால் காபி இறங்காது. "பெரிசு, நீங்க எதுக்குச் சீட்டப் பாக்கறீங்க? மரிவிக்கே நேரா குப்பைல போட்டுடட்டுமே."

"பாத்துட்டுத்தான் வீசணும் தம்பி. பாக்காம வீசினா அது ஆட்டமில்ல."

சீட்டுப் போடும் மரிவிக் மட்டும் சிரிக்க மாட்டாள். டெல்மரின் போன் எப்போதும் மேசை விளிம்பில் கிடக்கும். பேச்சு எந்த நிமிஷமும் திரும்பலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கையில் சீட்டு இருக்கும்போது போனை எடுத்தால் அந்தக் கை செல்லாது என்பது அறையின் சட்டம். ஓப்பல் மாத்திரை எங்கே, போர்வை எங்கே என்று கூப்பிடும்போதெல்லாம் டெல்மர் சீட்டை எறிந்துவிட்டுப் போனை எடுப்பார். எறிந்ததெல்லாம் குப்பை. நஷ்டமே இல்லை.

மாதக் கடைசி நாள் காலை, நூறுக்கு இன்னும் மூன்று மணி நேரம் பாக்கி. எனக்கு வலது பக்கம் டெல்மர், இடது பக்கம் ஸ்டாவ்ரோஸ். அந்த ஆட்டத்தில் சீட்டுப் பார்க்கும் முன்பே கட்டாயமாகப் போட வேண்டிய பணம், என்னுடையது ஒரு டாலர், ஸ்டாவ்ரோஸுடையது இரண்டு. முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் வீசியாயிற்று. டெல்மர் தன் சீட்டின் நுனியைத் தூக்கிப் பார்த்தார். பதினைந்து டாலர் டோக்கன்களை முன்னால் தள்ளினார்.

போன் அதிர்ந்தது. ஓப்பல்.

அவர் கை போன் பக்கம் போய்ப் பாதியில் நின்றது. மறு கை சீட்டின் மேலேயே இருந்தது.

"சார், எடுத்தீங்கன்னா கை செத்துரும்" என்றாள் மரிவிக், மெதுவாக.

"தெரியும்மா. போர்வையாத்தான் இருக்கும். இது ஒண்ணு முடியட்டும்."

நான் உடனே வீசிவிட்டேன். மிச்சம் ஸ்டாவ்ரோஸ். அவன் சீட்டைப் பார்த்துவிட்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டான்.

"ராஜா ஜோடி வந்திருக்கு. இத வச்சுக்கிட்டு எவனாவது வீசுவானா? ஆனா காசு போட்டிருக்கிறது பெரிசாச்சே. பேரம் பேசாம வர்ற கஸ்டமரப் பாத்தா எனக்குப் பயம்."

போன் நின்றது. மறுபடி அதிர்ந்தது.

"போடு, இல்ல வீசு தம்பி."

"அவசரத்தப் பாருங்க. ஏஸ்தான், சந்தேகமே இல்ல." ராஜாக்களை மல்லாத்திக் காட்டிவிட்டுப் பெருமையாக வீசினான்.

அந்த மாதத்தில் டெல்மர் ஒரே ஒரு குப்பைக் கையை ஆடியிருந்தால் ஸ்டாவ்ரோஸ் இருந்ததையெல்லாம் கொட்டியிருப்பான். எங்கள் மூன்று டாலர் அவரிடம் போனது. மேசை நடுவில் எல்லோருக்குமான பொதுச் சீட்டு விழும் முன்பே முடிந்ததால் அதில் கிளப்புக்குப் பங்கு இல்லை. வழக்கம்போல மரிவிக்குக்கு ஒரு டாலரை எறிந்துவிட்டுப் போனை எடுத்தார்.

ஓப்பலின் குரல் எனக்கும் கேட்டது. "பேசினா டெல்மர். உன் பேரச் சொன்னா, தெளிவா. போன அவ காதுல வச்சேன். மணி அடிக்கிறதயே கேட்டுக்கிட்டு இருந்தா. நின்னுச்சு, திரும்பவும் போட்டு வச்சேன்."

"இப்ப குடு அவகிட்ட."

"அவ போயிட்டா டெல்மர். இப்ப யார்கிட்ட குடுக்கறது?"

மரிவிக் அதற்குள் அடுத்த ஆட்டத்தின் சீட்டைப் போட்டிருந்தாள். டெல்மர் போனைக் கீழே வைத்தார். தன் முன்னால் கிடந்த இரண்டு சீட்டையும் தூக்கிப் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் வீசினார். பிறகு எழுந்து, டோக்கன்களை அள்ளாமல் வாசல் பக்கம் நடந்தார்.

"ஏஸ்தானே பெரிசு?" என்று ஸ்டாவ்ரோஸ் அவர் முதுகிடம் கேட்டான்.

வரவு: என் ஒன்று, ஸ்டாவ்ரோஸின் இரண்டு. செலவு: மரிவிக்குக்கு ஒன்று. மீதி இரண்டு டாலர், விட்டுப்போன மற்ற டோக்கன்களோடு, அவர் பெயர் எழுதிய பையில் காசாளரிடம் கிடக்கிறது; வாங்க ஆள் வரவில்லை. உட்கார்ந்த மணி தொண்ணூற்றேழு, குறைவது மூன்று. ஆகவே கிளப் அவருக்குத் தர வேண்டியது, பூஜ்யம்.