மாடியைத் தாங்கிய தேங்காய்

ஆம்ப்ரோஸ் டில்மன் மேல் எறிந்த கல் எதுவும் கீழே விழுந்ததில்லை. ஹூஸ்டனுக்கு மேற்கே, ஃப்ரீவே ஓரத்தில், கூரை பறந்துபோன பஞ்சுக் கிடங்கு ஒன்றை வாங்கி 1990-இல் அவர் நாடக அரங்கம் தொடங்கினார். அந்த நகரத்தின் பெரிய மேடையில் அரசன் வேடம் போட்ட முதல் கறுப்பர் அவர். தன் மக்களுக்கென்று ஒரு மேடை வேண்டும் என்று அதை உதறிவிட்டு வந்தவர். அக்கம்பக்கத்தாருக்குப் பொறுக்கவில்லை. நாடகம் தொடங்கியதும் சுவருக்கு மேலாகக் கற்கள் வரும். வந்தவை தலைக்குப் பத்தடி மேலே அப்படியே நிற்கும். நாலே ஆண்டில் நானூற்றுப் பதினொன்று சேர்ந்தன. டில்மன் அவற்றின் மேல் பலகை அடித்து மாடி இருக்கைகள் போட்டுவிட்டார். எறிந்தவர் கை பட்டால் மட்டுமே கல் இறங்கும் என்பது, மனம் மாறிய ஒரு பெட்ரோல் பங்க்காரர் வந்து தன்னுடையதை எடுத்துப் போனபோது தெரிந்தது.

1995 பொங்கல் விழாவுக்குத் தமிழர்கள் அந்த அரங்கத்தை வாடகைக்கு எடுத்தார்கள். விழாச் செயலாளர் திருமூர்த்தி ஈரோட்டுக்காரர், எண்ணெய்க் கம்பெனி எஞ்சினியர். சாம்பார் கொட்டிய இடத்தருகே நின்ற கறுப்புக் கிழவரிடம் மாப்பைக் காட்டி, "க்ளீன் இட்" என்றார். யாரென்று கேட்கவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. கிழவர் துடைத்தார். பிறகு அரங்கத்தின் உரிமையாளரை மேடைக்கு அழைத்தபோது, அதே மாப்போடு ஏறிய டில்மன் மைக்கில், "உங்கள் தரை சுத்தமாகிவிட்டது, சார்" என்றார். முந்நூறு பேர் சிரித்தார்கள். திருமூர்த்தியின் மனைவி ருக்மிணியும் சிரித்தாள். அவருக்குக் காது மடல்வரை எரிந்தது. வெளியே வந்து, பூஜையில் மிஞ்சிய மஞ்சள் தடவிய குடுமித் தேங்காயைச் சுவருக்கு மேலே வீசினார். அதுவும் நின்றது. அடுத்த மாதமே டில்மன் மாடியை முன்னால் நீட்டி, நடு உத்தரத்தை அந்தத் தேங்காயின்மேல் வைத்தார்.

1998-இல் ஊர் நிர்வாகம் மாடியை இடிக்கச் சொன்னது. கிரேன் வைத்து இழுத்தும் ஒரு கல்கூட அசையவில்லை. எறிந்தவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு அவரவர் கல்லை எடுத்துப் போகலாம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். தெருவே திரண்டு வந்து, கையெழுத்துப் போடாமல் தத்தம் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றது. கற்களுக்கு முகவரி இல்லை, தேங்காய்க்கு இருந்தது. அதை எடுத்தாலே மாடி சரியும், அரங்கம் மூடும். அதிகாரி கையெழுத்து நோட்டைத் திருமூர்த்தியிடம் நீட்டினார். அந்த மாடி சரிய வேண்டும் என்று திருமூர்த்தி மூன்று வருடமாக வேண்டாத நாளில்லை. ஆனால் அடுத்த மாதம் கிரீன் கார்டு இன்டர்வியூ.

"என்னங்க, அது நம்மூட்டுத் தேங்காதானுங்க? எல்லாருக்கும் தெரியும்" என்றாள் ருக்மிணி.

"நீ சும்மா இரு. சைன் பண்ணா ஃபைல்ல ஏறிரும். இன்டர்வியூல என்னத்தச் சொல்றது?"

அதிகாரியிடம், "நாட் மைன்" என்றார்.

வாசலில் மாப்பில் சாய்ந்து நின்ற டில்மன், "தேங்க் யூ, சார்" என்றார். அதில் நன்றி துளியும் இல்லை.

2001-இல், கார்டு கைக்கு வந்த தைரியத்தில், திருமூர்த்தி டிக்கெட் எடுத்து மனைவியோடு மாடியின் முன்வரிசையில் உட்கார்ந்தார். கீழே எழுபது வயது டில்மன் அரசனாக முழங்கிக்கொண்டிருந்தார். திருமூர்த்தி குனிந்து, காலடியில் இருந்த தேங்காயைத் தொட்டார். மஞ்சள் இன்னும் ஈரமாக இருந்தது. தேங்காய் வளர்த்த நாய்போல அவர் கைக்கு நகர்ந்தது, மாடி முனகியது, டில்மன் வசனத்தை நிறுத்தாமல் நிமிர்ந்து பார்த்தார். பக்கத்தில் ருக்மிணி, சுற்றிலும் இருநூறு பேர். கையை எடுத்துக்கொண்டார். கடைசிவரை கைதட்டவில்லை. புழுக்கமாக இருந்ததால் கோட்டைக் கழற்றி, உத்தரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த குடுமியில் மாட்டினார்.