முகம் திரும்பிய குதிரை

படங்களுக்குச் சட்டம் போட்டுக் கொடுக்கும் அவரை எல்லாரும் 'நேர்த்தி' என்றே அழைத்தனர். கோணலான பொருளைக் கண்டால் அவர் கை தானே நீளும். பிறர் வீட்டுச் சுவரில் படம் சாய்ந்திருந்தாலும் நிமிர்த்திவிட்டுத்தான் அமர்வார். தட்டருகே கரண்டியை நேராக்கிய பின்னரே உண்பார்.

சதுரங்கப் போட்டியின் இறுதிச் சுற்றில், வெள்ளைக் காய்களுடன் அவரெதிரே அமர்ந்தவன் மனைவியின் தம்பி. ஆட்டத்தைச் சமன் செய்தாலே நேர்த்திக்கு நகர அணியில் இடம் உண்டு; பல ஆண்டுகளாகக் கைக்கெட்டி வாய்க்கெட்டாமல் போன இடம் அது. விட்டுக்கொடுக்கும்படி அக்காள் தம்பியைக் கேட்கவுமில்லை. கேட்டால் கொடுப்பவனும் அல்லன்.

"அத்தான், இன்னிக்கு அக்காவுக்காகக்கூட இரக்கம் கிடையாது."

"உன் இரக்கத்தை யாரு கேட்டா மாப்பிள்ளை? காயை மெதுவா வை, போதும்."

இரண்டாம் நகர்த்தலிலேயே அவன் தன் ராஜாவின் அருகிருந்த சிப்பாயைப் பலியாக நீட்டினான். நேர்த்தி அதனை வெட்டினார். பின்னர் வெள்ளைக் குதிரைகளும் மந்திரியும் ராணியும் அலையலையாய்ப் பாய்ந்தன. அவன் ஓங்கி வைத்த ஒவ்வொரு காய்க்கும் பலகை அதிர்ந்தது. நேர்த்தி வியர்த்தாரேயன்றித் தளரவில்லை. வெள்ளை ராணி தம் ராஜாவிடம் நுழையாதவாறு ஒற்றைக் குதிரையால் காத்து நின்றார். இனி ராணிக்கு ராணியை மாற்றிக்கொண்டால் தாக்குதல் ஓயும், ஆட்டம் சமனாகும். அவ்வழியை அவர் கண்டுகொண்டார். அப்போதுதான், பலகை அதிர்ந்ததில் அக்குதிரையின் முகம் பக்கவாட்டில் திரும்பியிருப்பதையும் கண்டார்.

கயிற்றுக்கு அப்பால் நின்ற மனைவி, அவர் கை எழுவதைப் பார்த்தாள். பார்வையாளர் வாய் திறக்கலாகாது. 'சரிசெய்கிறேன்' என்று சொல்லிவிட்டுத் தொட்டால் குற்றமில்லை; சொல்லாமல் தொட்ட காயை நகர்த்தியே தீரவேண்டும். அவர் சொல்லவில்லை. இரு விரல்களால் குதிரையின் முகத்தை நேராக்கினார்.

"தொட்டுட்டீங்க, அத்தான்," என்றான் மைத்துனன், தணிந்த குரலில். அருகே நின்ற நடுவரும் ஆமெனத் தலையசைத்தார்.

குதிரை செல்லக்கூடிய கட்டங்களை நேர்த்தி நெடுநேரம் நோக்கினார். எங்குச் சென்றாலும் ராணிக்கு வழி திறக்கும். முடிவில் ஒரு கட்டத்தின் நட்டநடுவே அதனை வைத்தார். வெள்ளை ராணி உள்ளே புகுந்தது.

வெளியே வருகையில், தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று மனைவி முணுமுணுத்தாள். அது ஏச்சா ஆறுதலா என்பது அவளுக்கே விளங்கவில்லை. அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்றான் தம்பி. வாயிற்சுவரில் போட்டி அறிவிப்பு சாய்ந்து தொங்கியது. நேர்த்தி அதனை நிமிர்த்தினார். பிறகு தம் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்தக் கைதான் நமக்குச் சோறு போடுது. இதைத் திருத்த முடியாது. இனிமே நான் போட்டிக்குப் பேர் கொடுக்கலை," என்றார்.