பூட்டிய கம்பெனியில் ஓடிய மீட்டர்

புகை காட்டிக்கொடுக்கும், கரண்ட் காட்டிக்கொடுக்காது. அதுதான் எங்கள் கணக்கு. விறகு வைத்து எரித்தால் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு மேல் புகை எழும். பூட்டிக் கிடக்கும் கம்பெனியில் ஏது புகை என்று எவனாவது எட்டிப் பார்ப்பான். அதனால் பானுமதி அக்கா ஒரு கரண்ட் அடுப்பைத் துணியில் சுற்றி எடுத்துவந்து கொடுத்தார். அதன் கம்பி சத்தமில்லாமல் சிவப்பதைப் பார்த்துக்கொண்டே சோறு பொங்கித் தின்றோம். எங்களைப் போலப் புத்திசாலிகள் உண்டா என்று ஒரு நினைப்பு வேறு.

இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் அது. விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் குருமூர்த்தி முதலாளியின் பொம்மைக் கம்பெனி. நான் அங்கே பொம்மைகளுக்குக் கண்ணும் மீசையும் எழுதிக்கொண்டிருந்தேன். இளவழகன் அச்சில் களிமண் கூழ் ஊற்றுகிறவர். முதலாளி நெஞ்சு ஆபரேஷனுக்குச் சென்னை போனதும் கம்பெனியை மூடிவிட்டார்கள். சாவி, கணக்கு பார்த்த பானுமதி அக்காவிடம் இருந்தது. நாங்கள் இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டு ஒளிய இடமில்லாமல் நின்றபோது, அக்கா எங்களை உள்ளே விட்டு ஷட்டரை இழுத்து வெளியே பூட்டிவிட்டார்.

இளவழகன் பானை செய்கிற குடும்பம். நான் கருவேப்பிலங்குறிச்சியில் நிலபுலன் உள்ள வீட்டுப் பெண். இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? என் தம்பி பூவராகவன், இளவழகனைக் கண்ட இடத்தில் வெட்டுவேன் என்று டீக்கடையில் நின்று சொல்லியிருந்தான். சொன்னதைச் செய்யாவிட்டால் ஊர் சிரிக்கும். ஊர் சிரிப்பதைவிடப் பெரிய கஷ்டம் எங்கள் வீட்டுக்குக் கிடையாது. என்னைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லிக் கொளஞ்சியப்பர் கோயிலில் முருகனுக்குப் பிராதுச் சீட்டு வேறு எழுதிக் கட்டியிருந்தான். காணாமல் போன மாட்டுக்குக் கட்டுவார்கள், எனக்கும் கட்டினான். முருகன் சும்மா இருந்தார். மீட்டர்தான் முந்திக்கொண்டது.

அன்று அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. வெளியே ஜீப் வந்து நின்றது. ஏணியைச் சுவரில் சாய்க்கிற சத்தம், இரும்புப் பெட்டி திறக்கிற சத்தம். ஷட்டருக்குப் பக்கத்துச் சுவரில்தான் மீட்டர் பெட்டி. நாங்கள் இருவரும் பீங்கான் மாவு மூட்டைகளுக்கு நடுவே அப்படியே உட்கார்ந்துவிட்டோம்.

"இதுலயே ரேடியோ இருக்கு. இனிமே ரீடிங் எடுக்க ஆளே வர வேணாம். அதுவா ஆபீஸுக்கு அனுப்பிடும்" என்றது ஒரு குரல். படித்த குரல், பட்டணத்துக் குரல்.

"அப்ப எங்க பொழப்பு, ராஜ்மோகன் சார்?"

"உனக்கென்ன சுப்புராயா, நீதான் ஊரு பூரா மாட்டப் போற."

சுப்புராயனா! என் தம்பியின் கூட்டாளி. எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து என் கையால் சோறு வாங்கித் தின்றவன். மின்வாரியத்தில் கான்ட்ராக்ட் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான் போலிருக்கிறது. அவன் இப்போது ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தான்.

பழைய மீட்டரைக் கழற்ற லைனை நிறுத்தினார்கள். மின்விசிறி நின்றது, அடுப்புக் கம்பி கறுத்தது. அப்போதே எல்லா ஸ்விட்சையும் அணைத்திருக்க வேண்டும். பயத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கரண்ட் இல்லாதபோது ஸ்விட்ச் நினைவு யாருக்கு வருகிறது?

புது மீட்டரை மாட்டி லைனைக் கொடுத்தார்கள். விசிறி சுற்றியது. அடுப்பு மறுபடி சிவந்தது. வெளியே ஏதோ கருவி ஒன்று கீச்சென்றது.

"சார், இது பூட்டுன கம்பெனிதானே? ஆயிரம் வாட்டுக்கு மேல காட்டுது உங்க மிஷினு!" என்றான் சுப்புராயன்.

நான் பாய்ந்து அடுப்பை அணைத்தேன். இளவழகன் விசிறியை அணைத்தார். அணைத்த பிறகுதான் செய்த காரியம் புரிந்தது.

"இப்ப ஜீரோ சார்."

ஒரு எண் ஏறியிருந்ததும், ஆள் குரல் கேட்டவுடன் அது இறங்கியதும் அந்த இஞ்சினியர் ராஜ்மோகன் கையிலிருந்த கருவியில் அப்படியே தெரிந்திருக்கிறது. நாங்கள் உள்ளிருந்து "இருக்கிறோம்" என்று கத்தியிருந்தால்கூட அவ்வளவு தெளிவாகக் கேட்டிருக்காது. இளவழகன் என் தோளைப் பிடித்திருந்த பிடியில் எலும்பு வலித்தது.

"லீக்கேஜா இருக்கும்ப்பா" என்றார் இஞ்சினியர். குரல் லேசாக நடுங்கியது. "பழைய வயரிங்கு. எலி கடிச்சிருக்கும்." பிறகு, பக்கத்தில் நிற்பவனுக்குச் சொல்ல இவ்வளவு சத்தம் வேண்டியதில்லை என்னும்படி சத்தமாகச் சொன்னார். "மீட்டரு அனுப்பறத வாங்கறதுக்கு தண்ணி டேங்க் மேல வச்ச பெட்டிய அஞ்சு மணிக்கு ஆன் பண்றோம். அதுக்கப்புறம் இந்தப் பேட்டையில எந்த கம்பெனியில ஒரு பல்பு எரிஞ்சாலும் ஆபீஸ்ல உக்காந்தே பாத்துடலாம். அஞ்சு மணிக்கு!"

ஜீப் கிளம்பிப் போனது.

"நமக்காகத்தான் சொல்லிட்டுப் போறாரு. நல்ல மனுஷன்" என்று கிசுகிசுத்தார் இளவழகன்.

"உங்களுக்கு எல்லாருமே நல்ல மனுஷங்கதான்" என்றேன். ஆனாலும் அஞ்சு மணிக்குள் இங்கிருந்து போயாக வேண்டும் என்பது இருவருக்கும் தெரிந்தது. பட்டப்பகலில் எப்படிப் போவது என்பதுதான் தெரியவில்லை. அரைவேக்காட்டுச் சோற்றைத் தண்ணீர் ஊற்றிப் பிசைந்து தின்றோம்.

வெயில் சாய ஆரம்பித்தபோது ஒரு சைக்கிள் வந்து நின்றது. ஷட்டரை யாரோ விரலால் தட்டினார்கள்.

"வெண்மதிக்கா... நான் சுப்புராயன்."

நான் ஷட்டரைப் பார்த்தபடி எழுந்து நின்றேன்.

"பயப்படாதீங்கக்கா. பூவராகவனுக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சு. பொழுது போறதுக்குள்ள ஆளுங்களோட வரான். அதுக்கு முன்னாடி உங்க ரெண்டு பேரையும் மங்கலம்பேட்ட பஸ்ஸுல ஏத்தி வுட்டுடறேன். நீங்க வாயத் தொறக்க வேணாம், அக்கம்பக்கத்துல ஆளுங்க இருக்காங்க. உள்ள இருந்தா ஏதாச்சும் ஒரு ஸ்விட்ச்ச போட்டு அணைங்க, போதும். இஞ்சினியரு சாப்பிடப் போயிருக்காரு, மிஷினு என் கையிலதான் இருக்குது. நம்பரு ஏறுனா ஓடிப்போயி ஆட்டோ இட்டாறேன்."

எவ்வளவு அக்கறை! எவ்வளவு நல்ல யோசனை! நான் பதில் பேசவே வேண்டாம், என் விரல் பேசினால் போதும்.

இளவழகன் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் உயிர் திரும்பியிருந்தது. 'வேற வழி?' என்று உதட்டை மட்டும் அசைத்துவிட்டு ஸ்விட்ச் பலகையை நோக்கிக் கையை நீட்டினார்.

சுப்புராயன் சொல்வது உண்மையாக இருந்தால்? பேசாமல் இருந்து இவரை நானே கொன்றவள் ஆவேனே. பொய்யாக இருந்தால்? அந்தக் குரல் மறுபடி "அக்கா" என்றது. பொறுமையாக, வழவழவென்று கூப்பிட்டது. அதுதான் எனக்கு உறைத்தது. எங்களுக்கு உதவி செய்கிறவர்களுக்குக் குரல் நடுங்கும். பானுமதி அக்காவுக்குப் பூட்டைத் திறக்கிறபோதெல்லாம் நடுங்கும். முன்பின் தெரியாத அந்த இஞ்சினியருக்குக்கூட நடுங்கியது. இவனுக்கு நடுங்கவில்லை. இவனுக்கு யாரிடமும் பயமில்லை.

அவர் விரல் ஸ்விட்சைத் தொட்டுவிட்டது. பேச முடியாது, தள்ளினால் சத்தம் வரும். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பல் பதியக் கடித்தேன்.

அவர் கத்தவில்லை. கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது, அவ்வளவுதான். அந்த மனுஷனுக்கு அப்படி ஒரு பொறுமை. என் வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. நான் விடவில்லை.

ஷட்டருக்கு மிக அருகில், இவ்வளவு நேரம் மூச்சுவிடாமல் நின்றிருந்த இன்னொரு ஆள் கேட்டான்.

"ஏறலயாடா?"

பூவராகவன். குரல் கம்மியிருந்தது, சளி பிடித்திருக்க வேண்டும்.

"ஜீரோவுலயே நிக்குதுடா."

"ஒழுங்கா பாரு."

"பாத்துக்கினுதான் இருக்கறன். இஞ்சினியரு சொன்னாப்பல லீக்கேஜுதான் போல."

"பூட்ட ஒடச்சிடுவமா?"

"குருமூர்த்தி பூட்டுடா அது. உள்ள ஒருத்தரும் இல்லன்னா நாமதான் திருட்டுக் கேஸுல போவணும்."

அவர்கள் போகவில்லை. வெளியே தீப்பெட்டி உரசியது. பீடி வாசனை ஷட்டரின் கீழ் இடுக்கு வழியாக உள்ளே வந்தது. எனக்கு இருமல் முட்டியது. முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டேன். இளவழகன் ஸ்விட்ச் பலகையிலிருந்து கையை எடுத்துத் தன் மார்போடு சேர்த்துவைத்துக்கொண்டார்.

கடைசியில் என் தம்பிதான் எழுந்தான். "இத இடுப்புல சொருவிக்கினு குந்தக்கூட முடியலடா. குத்துது. வா, போலாம்" என்றான். முள் குத்திய பிள்ளை சிணுங்குகிற மாதிரி இருந்தது. எங்கள் வீட்டுக் கரும்பு வெட்டுகிற கத்தி அது. அதன் நீளம் எனக்குத் தெரியும்.

சைக்கிள் சத்தம் தேய்ந்து மறைந்த பிறகும் நாங்கள் அசையவில்லை. பிறகு அவர்தான் மூட்டையைப் பிரித்து, வெள்ளை மாவை அள்ளி என் தலையிலும் முகத்திலும் தேய்த்தார், தன் மேலும் பூசிக்கொண்டார். பக்கத்துக் கம்பெனிகளில் சாயங்காலச் சங்கு ஊதியதும் பின்பக்க ஜன்னலைப் பெயர்த்து, உடைந்த பீங்கான் குவியலில் காலைக் கிழித்துக்கொண்டு இறங்கினோம். வேலை முடிந்து வருகிற கூட்டம் மொத்தமும் தலை முதல் கால் வரை வெள்ளையாகத்தான் இருக்கும். அந்தக் கூட்டத்தோடு கலந்து நடந்தோம். எதிரே வருகிற ஒவ்வொரு சைக்கிளுக்கும் என் உயிர் போய்ப் போய் வந்தது.

பேட்டை கேட்டைத் தாண்டியதும் அவர் தலை நிமிராமல் கேட்டார். "வந்தது உன் தம்பிதானே?"

எனக்கு அவமானமாக இருந்தது. பயத்தைவிட அது பெரிதாக இருந்தது. இவரை வெட்ட வந்தவனுக்கு அக்கா நான் என்று இவரிடமே ஒத்துக்கொள்ள வாய் வரவில்லை.

"இல்லிங்க, வேற யாரோ" என்றேன்.

"சரி" என்றார்.

வேலைக்குப் போன நாளெல்லாம் சாயங்காலம் இதே கேட்டில் நின்று, "அக்கா, வா போலாம்" என்று என்னைச் சைக்கிளில் ஏற்றிப் போனவன் குரல் அவருக்குத் தெரியாதா என்ன?