முந்நூற்றுப் பதினேழின் மூன்றாம் படி

கோணேசர் மலையின் மேல், அது சரிவராதென்றால் எங்கள் வீட்டுக் கண்ணாடி அலுமாரியின் மேல், இரண்டு கையையும் வைத்துச் சத்தியம் பண்ணிச் சொல்கிறேன்: இதில் வருகிற ஒரு சொல்லும் பொய்யில்லை. என்னை அறிந்தவர்கள் இந்த இடத்திலேயே சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சென்ற வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு என் மனைவி கோணேஸ்வரி அந்த அலுமாரியைத் திறந்துவைத்து, ஒன்பதாவது எஞ்சினின் புகைபோக்கியைப் பழைய பனியன் துணியால் துடைத்தபடி, தான் கனடாவுக்கு மகள் தேனுகாவிடம் போகப்போவதாகவும் திரும்பி வருகிற யோசனை இல்லையென்றும் சொன்னாள். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. இன்றைக்கு மீன்காரன் வரவில்லை என்று சொல்வதும் அதே குரலில்தான்.

அலுமாரியில் பதின்மூன்று நீராவி எஞ்சின்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் ஒரே எஞ்சினைப் பதின்மூன்று தரம் வாங்கி வைத்திருப்பதாக நினைத்து என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். ஒரே வகை எஞ்சின்தான். ஆனால் இரண்டாவதன் புகைபோக்கிக்குச் செப்பு விளிம்பு உண்டு, முதலாவதற்கு இல்லை. நாலாவதன் தண்ணீர்த் தொட்டியில் ஆணிகள் இரண்டு வரிசை, ஐந்தாவதில் ஒரு வரிசை. எட்டாவதன் விளக்கு இடப்பக்கம். பதினோராவதில் நிலக்கரி வாரும் கம்பி கூரைக்கு மேல் கிடக்கிறது, மற்றவற்றில் பக்கவாட்டில். ஏழாவதன் புகைபோக்கி மட்டும் பச்சைப்பிடித்திருக்கும். நிலாவெளியில் கரைவலை இழுத்தபோது வந்த ஒரு பாரைமீனின் வயிற்றுக்குள் இருந்து அதை எடுத்தேன். அந்தப் பாரையைக் கறிக்கு வெட்டியதே கோணேஸ்வரிதான். கேட்டால் ஞாபகமில்லை என்பாள்.

இல்லாதது பதினாலாவது: நான் வேலை செய்த முந்நூற்றுப் பதினேழின் மாதிரி. ஓட்டுநர் நிற்கிற இடத்துக்கு ஏற எல்லா எஞ்சினுக்கும் இரண்டு படி. முந்நூற்றுப் பதினேழாம் எஞ்சினுக்கு மட்டும் மூன்று. எல்லாவற்றுக்கும் கீழே இருந்த அந்த மூன்றாவது எனக்காக அடித்த படி. பதினாறு வயதில் நான் அந்த எஞ்சினில் கரி போடப் போனபோது என் உயரம் நாலடி பத்தங்குலம். இன்றைக்கும் அதற்கு மேல் கால் அங்குலம்தான். நான் ஏறி முடிக்கக் காத்திருந்து மெயில் ரயில் தினமும் ஏழு நிமிஷம் பிந்தியது. பெரியவர்கள் கூடிப் பேசி, இரும்பு வெட்டி, ஒரு படி அடித்துத் தந்தார்கள். தம்பலகாமத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காட்டுயானை ஒன்று தண்டவாளத்தில் நின்றது. நாங்கள் நிறுத்தியதும் பக்கத்தில் வந்து மூன்றாம் படியில் முன்காலை வைத்து, உள்ளே எட்டிப் பார்த்து, என்னைக் கண்டுவிட்டு மரியாதையாக இறங்கிப் போனது. பிறகு ஒவ்வொரு செவ்வாயும் வந்தது. இந்தக் கதையைக் கேட்டுத்தான் கோணேஸ்வரி என்னைக் கட்டினாள் என்று நான் நினைத்திருந்தேன். இதுவரை எந்தக் கம்பனியும் மூன்றாம் படியோடு ஒரு எஞ்சின் செய்து விற்கவில்லை. எழுதிக் கேட்டால், படம் இருந்தால் அனுப்புங்கள் என்கிறார்கள்.

தேனுகா எங்கள் இரண்டு பேரையும்தான் கூப்பிட்டாள். அந்தக் குளிரில் எஞ்சின்களின் சில்லு சுருங்கித் தண்டவாளத்தில் நிற்காது என்று நான் காரணம் சொல்லியிருந்தேன். உண்மைக் காரணம், அந்த ஊரில் தம்பலகாமம் என்று சொன்னால் ஒருவருக்கும் விளங்காது. தம்பலகாமம் விளங்காதவனுக்கு யானையை எப்படி விளங்கப்படுத்துவது?

ஒன்பதாவதைத் திரும்ப வைத்துவிட்டு கோணேஸ்வரி சொன்னாள்: "ஐம்பத்தொரு வருசம் கேட்டுப்போட்டன். யானைக்கதை, பாரைக்கதை, உங்கட பென்சன் கடுதாசியை மான் திண்ட கதை. அதில ஒண்டு, ஒரேயொண்டு, உண்மையெண்டு காட்டுங்கோ. நான் நிக்கிறன்."

"எப்பக்குள்ள?" என்று கேட்டேன்.

"புதன்கிழமை பிள்ளை டிக்கட் போடுறாள். நீங்கள் காட்ட மாட்டியள். அதால நான் உடுப்பு அடுக்கிறன்."

அந்த நிமிஷத்திலிருந்து என் கால்கள் என்னைக் கேட்காமலே நடந்தன. ஸ்டேசன் வரை போனேன். அங்கே இருந்த அதிகாரிக்கு வயது முப்பது, நீராவி என்றால் இடியப்பம் அவிக்கிறதுதான் தெரியும். உள்துறைமுகக் கரையோடு நடந்து திரும்பினேன். வீட்டுக்குள் வந்தால் அறையில் உடுப்பு அலுமாரிக் கதவு திறந்து மூடுகிற சத்தம், சேலை மடிக்கிற சத்தம். கதிரையில் இருந்தேன், எழுந்தேன், மறு கதிரையில் இருந்தேன். பதின்மூன்று எஞ்சினையும் ஆணி ஆணியாக எண்ணிப் பார்த்தேன்; கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அப்போதுதான் முனீபின் வீட்டுப் படம் நினைவுக்கு வந்தது.

முனீப் கிண்ணியாவில் இருக்கிறார். நில அளவையில் படம் வரைகிற வேலை செய்து ஓய்வு பெற்றவர், என்னைவிட ஆறு வயது இளமை, என்னைப் போலவே எஞ்சின் சேர்க்கிறார். ஒன்பது வைத்திருக்கிறார். மழை பெய்துகொண்டிருக்கும்போது மழை பெய்கிறதா என்று கேட்டால், வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். அப்படியான மனிதர் எப்படி எனக்குச் சிநேகிதர் ஆனார் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது, அதை விடுவோம். அவர் மனைவி பஸ்மியாவின் மூத்தவாப்பா, அதாவது பாட்டனார், ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட நாளில் ஸ்டேசனில் எடுத்த படம் ஒன்று வீட்டில் இருக்கிறதென்றும் அதில் பின்னால் ஓர் எஞ்சின் தெரிகிறதென்றும் எப்போதோ சொல்லியிருந்தார்.

வியாழன் பின்னேரமே கிண்ணியாப் பாலத்தைக் கடந்து போனேன். பஸ்மியா படத்தை எடுக்க மறுத்துவிட்டா. அது வெள்ளைத் துணியில் சுற்றி, துணி பெட்டியில் இருந்து, பெட்டி கட்டிலுக்குக் கீழே இருந்தது. சனிக்கிழமை மறுபடி போனேன், கையில் கதலிக் குலை ஒன்றோடு. துணி அவிழ்ந்தது. மேடையில் ஆட்கள் கொள்ளாததால் எல்லாரும் அதன் முடிவில் தரைக்கு இறங்கி, தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்ற எஞ்சினுக்கு முன்னால் வரிசையாக நின்றிருந்தார்கள். நடுவில் மாலையோடு மூத்தவாப்பா. எஞ்சின் இலக்கத்தில் மூன்று தெரிந்தது, ஒன்று தெரிந்தது, அடுத்ததை அவர் தொப்பி மறைத்தது. ஏறுகிற இடத்தில், மேலிருந்து எண்ணினால், முதற்படி தெரிந்தது, இரண்டாம் படி தெரிந்தது. மூன்றாம் படி இருக்கவேண்டிய இடத்தை, இந்த உலகத்தில் வேறு இடமே இல்லாததுபோல, ஒரு தகரப்பெட்டி மறைத்துக்கொண்டு நின்றது.

நான் வெள்ளைத் துணியைத் திரும்பச் சுற்றத் தொடங்கினேன். முனீப் மட்டும் பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தார். பெட்டியின் அடி தரையில் இல்லை என்றார். தரைக்கும் அடிக்கும் நடுவில் வெளிச்சம் இருந்தது. திங்கட்கிழமை வரை அவகாசம் கேட்டார். திங்கட்கிழமை போனபோது சில்லின் விட்டத்தை வைத்து அளந்து, ஒரு தாளில் கோடு போட்டு வைத்திருந்தார்: பெட்டி தரையிலிருந்து ஒன்பது அங்குலம் மேலே நிற்கிறது.

"அப்ப அது படியில நிக்குது," என்றேன். எனக்கு எழுந்து நிற்கவேண்டும்போல இருந்தது; பார்த்தால் நான் ஏற்கனவே நின்றுகொண்டிருந்தேன்.

"அப்பிடிச் சொல்ல ஏலா அண்ணன்." படத்தின் ஓரத்தைக் காட்டினார். பெட்டியின் பிடியில் ஒரு கை இருந்தது. ஆள் படத்துக்கு வெளியே; மணிக்கட்டு வரைதான் உள்ளே. "படியில வெச்ச பெட்டியை விழாமப் பிடிச்சிரிக்கலாம். இல்லாட்டி வெறும் கையில தூக்கிட்டு நிண்டிரிக்கலாம். நிக்கிது எண்டும் சொல்ல ஏலா, தொங்குது எண்டும் சொல்ல ஏலா."

குசினியிலிருந்து பஸ்மியா சொன்னா: "அந்தப் பெட்டிக்குள்ள ஆறு மாசத்துக்கு அரிசிமாவும் கருவாடும். ரெண்டு பேர் சேந்தாத்தான் அசைக்கலாம் எண்டு உம்மா சொல்லுவா. ஒத்தக் கையில தூக்க அவன் என்ன பயில்வானா?"

நான் முனீபைப் பார்த்தேன். அவர் தாளில் எதையோ எழுதி, பிறகு அதை வெட்டினார். "உம்மா சொன்னது சாட்சி. நேரில கண்டது இல்ல. அரைச்சாட்சிதான்."

அரைச்சாட்சியை வைத்துக்கொண்டு ஒரு முழு மனைவியை நிறுத்த ஏலுமா என்று பாலத்தில் பஸ் குலுங்கிய நேரமெல்லாம் யோசித்தேன். வீட்டில் சூட்கேஸ் ஒன்று நிரம்பிக் கதவோரம் வந்துவிட்டது. இரண்டாவது சூட்கேஸ் கட்டிலில் வாயைத் திறந்து கிடந்தது. நான் அதைச் சுற்றி நடந்தேன். "சும்மா குறுக்க மறுக்க நடவாதையுங்கோ, எனக்குத் தலை சுத்துது," என்றாள். முற்றத்துக்குப் போய் அங்கே நடந்தேன்.

செவ்வாய்க்கிழமை முனீப் தானே படத்தைக் கொண்டுவந்தார். என் கையில் தர பஸ்மியா சம்மதிக்கவில்லை. பின்னேர அஸர் தொழுகைக்கு முன் படம் வீட்டில் இருக்கவேண்டும் என்பது கட்டளை. பஸ் நிலையத்தில் இறங்கி நடந்தபோது, அங்கே நிழலில் படுத்துக்கிடக்கிற மான்களில் ஒன்று எழுந்து வந்து அவர் கையிலிருந்த காகித உறையை முகர்ந்தது. விலகினார்; அதுவும் விலகியது. உறையின் மூலையை வாயில் பிடித்து ஒரு துண்டைக் கிழித்து, எங்களைப் பார்த்துக்கொண்டே மென்றது. முனீப் இரண்டு கையாலும் உறையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வீதியைக் கடந்தார். மறுபக்கம் வந்ததும் மூச்சு வாங்க என்னை ஒருதரம் பார்த்தார்.

"அந்தப் பென்சன் கடுதாசி," என்றார்.

"ஓம்," என்றேன்.

உறையைத் தலையிலிருந்து இறக்காமலே நடந்தார்.

கோணேஸ்வரி எங்களுக்குத் தேத்தண்ணி வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியை முந்தானையில் துடைத்துப் போட்டாள். முனீப் தாளை விரித்து, சில்லு, அளவு, ஒன்பது அங்குலம், அரிசிமா, அரைச்சாட்சி எல்லாவற்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். எனக்குச் சார்பாக ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை. நான் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தேன். அவள் படத்தைப் பார்த்தாள். புரட்டிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். அங்கே பென்சிலால் ஏதோ எழுதியிருந்தது. எஞ்சின் சேர்க்கிறவன் படத்தின் பின்பக்கம் பார்ப்பதில்லை, நானும் பார்த்திருக்கவில்லை. அதை வாசிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு என்னைப் பார்த்தாள், சேலைக்கு நிறம் பார்க்கிற மாதிரி, வெளிச்சத்துக்குப் பிடித்து. பிறகு திரும்பவும் முன்பக்கம்.

"பெட்டி கிடக்கட்டும்," என்றாள். "இந்தக் கையைப் பாருங்கோ. சின்னவிரல் வளைஞ்சு நிக்கிறதைப் பாருங்கோ. தேத்தண்ணிக் கோப்பை பிடிக்கேக்கையும் இப்பிடித்தான் நிக்கும். ஐம்பத்தொரு வருசம் பாக்கிறன். இது உங்கட கை."

நான் நடப்பதை நிறுத்தினேன். அந்தக் கையைப் பற்றி நான் யாரிடமும் ஒரு சொல் சொன்னதில்லை. அதை என் கை என்று சொல்ல, இத்தனை கதை சொன்ன எனக்கே தோன்றவில்லை.

முனீப் வாயைத் திறந்தார். அது அவர் வீட்டுப் படம். அதன் முன்பக்கமும் பின்பக்கமும் அவருக்குத் தெரியும்.

"தேத்தண்ணி ஆறுது, முனீப் தம்பி," என்றாள் கோணேஸ்வரி. அவர் ஒரு மிடறு குடித்தார். "என்ன, நான் சொல்றது சரிதானே?"

அவர் நெடுநேரம் படத்தைப் பார்த்தார். காது சிவந்திருந்தது. "ஒரு கை இரிக்கி மதினி," என்றார் கடைசியில். "அது உண்மை."

அறைக்குள் அவள் தொலைபேசி அடித்தது. இந்த நேரத்தில் கூப்பிடுபவள் தேனுகா ஒருத்திதான். கோணேஸ்வரி போகவில்லை. அலுமாரியைத் திறந்து, பனியன் துணியை எடுத்து, கடைசித் தட்டில் நின்ற எஞ்சின்களை ஒவ்வொன்றாகத் தூக்கி இடப்பக்கமாக நகர்த்தினாள். எட்டாவதை எட்டாவதின் இடத்தில், பதினோராவதைப் பதினோராவதின் இடத்தில். ஒன்றையும் மாற்றி வைக்கவில்லை. பதின்மூன்றாவதற்கு அப்பால் ஒரு சாண் நீளத்துக்கு வெறும் பலகை தெரிந்தது. அதைத் துடைத்தாள். அந்த இடத்தில் பல வருடத் தூசி இருந்தது. தொலைபேசி நின்று, மறுபடி அடிக்கத் தொடங்கியது. அவள் இன்னும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

படத்தின் பின்பக்கத்தில் 1949 என்று எழுதியிருக்கிறது. நான் பிறந்தது 1951.