எரித்த காந்தம்

1

என் மனைவியின் கிழிந்த பட்டுப்புடவையை எடைக்குப் போடப்போன இடத்தில்தான் இந்தக் கதை என்னைப் பிடித்துக்கொண்டது. காஞ்சிபுரத்தில் அம்சவேணியின் பட்டறை. பழஞ்சரிகையை எரித்து வெள்ளி எடுப்பது அவர் தொழில். அன்று அடுப்புக்குப் பக்கத்தில் கூடை நிறைய பழைய கம்ப்யூட்டர் சாமான்கள் கிடந்தன.

2

முதல் தொடக்கம்: "உலக நாடுகள் அரிய கனிமங்களுக்காகக் கைகோத்த அந்த ஆண்டில்…" (அடித்துவிட்டேன். எனக்கே கொட்டாவி வந்தது.)

இரண்டாவது: அரிய கனிமம் கலந்த வெளிநாட்டுக் காந்தம் வராமல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு மோட்டார் கம்பெனி நின்றது. அங்கே வேலை பார்த்த கிரேசுக்கு வேலை போனது. பழைய ஹார்ட் டிஸ்க்கிலும் அதே காந்தம் இருப்பது அவளுக்குத் தெரியும். அம்சவேணியைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டாள். மூன்று நாடுகள் சேர்ந்து நடத்தும் காந்த மீட்புத் திட்டம் ஒன்று, பழைய சாமான்களிலிருந்து பிரித்த காந்தங்களைச் சிறு பட்டறைகளிடம் மாதிரிக்குக் கேட்டிருந்தது.* தேர்வானால் இருவருக்கும் நிரந்தர வேலை.

* திட்டம் என் கற்பனை. தட்டுப்பாடு கற்பனை அல்ல.

3

இங்கே அம்சவேணி மேல் எனக்குச் சந்தேகம். இருபது வருடம் நெருப்போடு பழகியவர் இப்படிச் செய்வாரா? பழகியதால்தான் செய்தார். மாதிரி அனுப்பவேண்டிய நாள் காலை, பசையில் ஒட்டிய காந்தங்கள் தகட்டை விட்டு வராததால், மொத்தத்தையும் அடுப்பில் போட்டார்.

கிரேஸ் வந்து ஒன்றை இரும்புக் கதவில் வைத்தாள். விழுந்தது. இன்னொன்றை வைத்தாள். அதுவும் விழுந்தது.

"இன்னாக்கா பண்ணிக்கினு இருந்தே? சூடு பட்டா காந்தம் செத்துடும்க்கா!"

"வெள்ளி சாவுதா? நெருப்புல போட்டாதானே சுத்தமாவுது! இதுவும் அப்டித்தான்னு நெனச்சேம்மா." அம்சவேணி விழுந்த காந்தங்களைக் குனிந்து பொறுக்கினார். "உன் பொழப்பையும் சேத்துக் கொளுத்திட்டேன்."

4

முடிவு அ: கடையில் கிடைத்த நல்ல காந்தத்தை வைத்து அனுப்புகிறார்கள், தேர்வாகிறார்கள். (கிரேஸ் ஒத்துக்கொள்ளவில்லை.)

முடிவு ஆ: இருவரும் அழுதுவிட்டு அவரவர்… (மாட்டேன். எழுதும்போதே கோபம் வருகிறது.)

மாதிரியோடு அனுப்பவேண்டிய படிவத்தில் 'பிரித்த முறை' என்று ஒரு கட்டம்.

"எரிச்சதுன்னே எழுதுறேன்க்கா."

"வேணாம்மா, தள்ளிடுவாங்க."

"காந்தம்தானே செத்துச்சு? உள்ள இருக்கிற கனிமம் எங்க போச்சு? பொடவை போனாலும் வெள்ளி இருக்குதில்ல? இதுலேர்ந்து கனிமத்த எடுத்துக்க முடியாதான்னு அதையும் கேட்டு எழுதுறேன்."

எழுதினாள். எரிந்த காந்தங்களோடு பார்சல் போய்விட்டது.

5

அந்தப் படிவத்தைப் படிக்கும் அதிகாரிக்கு நான் பெயர் வைக்கவில்லை. அந்த நாற்காலியில் உங்களை உட்காரவைத்திருக்கிறேன். காந்தம் ஒட்டுகிறதா என்று பார்க்காதீர்கள், ஒட்டாது. கிரேஸ் கேட்டிருப்பதைப் படியுங்கள். உங்கள் பதிலுக்காக அவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, அடுத்த கூடையைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.