சேமிக்க வேண்டாமா?

அலுவலகத்தில் அவளுக்கு முட்டுக்கட்டை என்று பெயர். நேரில் யாரும் சொல்வதில்லை. கணினியை இயக்கப் போகும் புது மென்பொருளைத் தமிழில் சோதித்துக் குறை கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. சம்பளம் கொடுத்துக் குறை சொல்லச் சொல்லிவிட்டு, சொன்னால் முகம் சுளிப்பவர்களை என்ன செய்வது?

அந்த மென்பொருளின் சோதனைப் பதிப்பு திங்கட்கிழமை ஒரு மருத்துவமனையின் எல்லா வார்டுகளுக்கும் போக வேண்டும். அதற்கு அவள் படிவத்தில் 'தேறியது' என்று குறிக்க வேண்டும். குறித்த கையோடு அவளுடைய தற்காலிக வேலை நிரந்தரமாகும் என்று மேலாளர் நாலு பேர் முன்னால் சொல்லியிருந்தார். அந்த வார்த்தைக்காக அவள் மூன்று வருடம் காத்திருந்தாள்.

முன்னோட்டமாக ஒரே ஒரு வார்டில் மட்டும் அதை ஏற்கனவே போட்டிருந்தார்கள். அங்கே அவளுடைய அக்காதான் நர்ஸ். செவ்வாய்க்கிழமை மதியம், பன்னிரண்டு படுக்கைகளுக்கும் கொடுத்த மருந்தைப் பதிந்துவிட்டு அக்கா பக்கத்தை மூடினாள். திரை கேட்டது: 'மாற்றங்களைச் சேமிக்க வேண்டாமா?' கீழே 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு பொத்தான்கள். பின்னே, சேமிக்காமல்? அக்கா 'ஆம்' அழுத்தினாள். அதை 'ஆம், வேண்டாம்' என்று எடுத்துக்கொண்டு கணினி எல்லாவற்றையும் துடைத்துப் போட்டது. மாலையில் வேலைக்கு வந்த நர்ஸ், பதிவைக் காணோமே என்று ஐந்தாம் படுக்கைக்காரருக்கு அதே ஊசியை மறுபடியும் எடுத்தாள். "மத்தியானமே போட்டாச்சேம்மா" என்று அவர் முனகியதால் பிழைத்தார்.

அக்கா சொல்லக் கேட்டு, தங்கை அன்றே அலுவலகத்தில் புகார் எழுதினாள். மேலாளர் அதை முழுதாகப் படிக்காமலே 'சிறு குறை' என்று மூடிவிட்டார். வெள்ளிக்கிழமை அவளைக் கூப்பிட்டார்.

"இன்னும் ஏன்மா குறிக்கல? உங்க அக்கா எதையோ அவசரத்துல அழுத்தினதுக்கு நாங்க பொறுப்பா? கண்ணைத் திறந்து படிச்சா ஒரு தப்பும் வராது."

அவருடைய கணினியிலும் அன்று காலைதான் அந்தப் பதிப்பு ஏறியிருந்தது. காலையிலிருந்து அடித்த பதினோரு பக்க அறிக்கை திறந்திருந்தது. அவளுடைய படிவத்தைக் காட்டுவதற்காக, பேசிக்கொண்டே அறிக்கையை மூடினார். திரை கேட்டது. அவர் 'ஆம்' மேல் அம்பைக் கொண்டுபோனார். அவள் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை.

"அறிக்கை எங்க போச்சு?" என்றார் கொஞ்ச நேரம் தேடிவிட்டு.

"சேமிக்க வேண்டாமான்னு கேட்டுச்சு சார். நீங்க ஆமான்னீங்க."

"சேமிக்கத்தானே ஆமான்னேன்?"

"எங்க அக்காவும் அதுக்குத்தான் சார் சொன்னா. 'சாப்பிட வேண்டாமா'ன்னு வீட்டுல கேட்டா, வந்து சாப்பிடுன்னுதானே அர்த்தம்? தமிழ் தெரிஞ்சவங்க யாரா இருந்தாலும் இதுல ஆம்தான் அழுத்துவாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"சரி. அடுத்த பதிப்புல மாத்திக்கலாம். இப்ப தேறியதுன்னு போட்டுடு."

அவர் புரியாமல் பேசியபோது அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. இப்போது புரிந்தும் பேசுகிறாரே என்று உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"அடுத்த பதிப்பு வர்ற வரைக்கும் நோயாளிங்க எல்லாரும் தூங்காம முழிச்சிட்டே இருக்கணுமா சார்?"

"ஊர்ப் பாரமெல்லாம் உன் தலையிலயா இருக்கு? உனக்கு நிரந்தர வேலை வேண்டாமா?"

"இதுக்கு நான் ஆம்னு சொல்லணுமா, இல்லன்னு சொல்லணுமா, சார்?"

அவள் அவருடைய விசைப்பலகையையே தன் பக்கம் இழுத்து, தன் பெயரில் உள்ளே நுழைந்தாள். படிவத்தில் 'தேறவில்லை' என்று குறித்தாள். காரணம் என்ற கட்டத்தில் 'நர்ஸும் ஏமாந்தார், மேலாளரும் ஏமாந்தார்' என்று எழுதி, அவர் பார்க்கப் பார்க்கவே அனுப்பினாள்.

வெளியே வந்து அக்காவுக்குப் போன் செய்தாள்.

"திங்கட்கிழமை அது வராதுக்கா. உங்க வார்டுல இருக்கறதையும் எடுத்துடுவாங்க."

"உன் வேலை என்னடி ஆச்சு?"

"அதுவும் வராதுன்னு நினைக்கிறேன்" என்றாள். "ஐந்தாம் படுக்கைக்காரரை நிம்மதியா தூங்கச் சொல்லு."